பழைய கார் வாங்கியவர்களே, கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தீர்களா?

வெள்ளவத்தைவாசி:

"குடும்பத்துக்கு எந்தப் பழைய கார் நல்லது?" என்று கிழமைக்கு ஒருவராவது கேட்கிறார்கள். மாடல் பெயர் சொல்வதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2023 ஆவணி. நல்லூர்த் திருவிழாவுக்கு அம்மாவையும் பிள்ளைகளையும் காரில் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு ஒரே அவசரம். இலங்கைக்கு வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே இருந்த கார்களே கை மாறி மாறி நகை விலைக்குப் போன காலம் அது. மூன்று வருடம் ஓட்டிவிட்டு வாங்கிய விலைக்கு மேல் விற்றார்கள், நாங்களும் அதைச் சாதாரணமாகவே எடுத்துக்கொண்டோம்.

புறநகரில் பழைய கார் விற்கும் ஒரு கார் சேலில் வெள்ளை செடான் ஒன்று நின்றது. 2012 மாடல், மீட்டரில் 74,000. உள்ளே ஏறினால் சந்தன வாசனை. சீட் கவர் புதிது, கார்ப்பெட்டும் புதிது. பதினொரு வருடக் காருக்கு எதற்குப் புதுக் கார்ப்பெட் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவுக்குப் பின் சீட் பிடித்துவிட்டது. அட்வான்ஸ் கொடுத்தேன். மயூரபதி அம்மன் கோயிலில் பூசை, நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம், வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய், எல்லாம் முறைப்படி நடந்தது. யாழ்ப்பாணம் போய் வந்ததிலும் ஒரு குறை இல்லை.

ஐப்பசி மழையோடு தொடங்கியது. காலி வீதி சிக்னலில் நிற்கிறேன், மழை கொட்டுகிறது, பின் கண்ணாடி தன் பாட்டில் மெல்ல இறங்குகிறது. மகளின் புத்தகப் பை நனைந்துவிட்டது. அப்புறம் இரவு இரண்டு மணிக்கு ஹோன் அடிக்கத் தொடங்கியது. தொடர்மாடி முழுக்க எழும்பும். நான் சாரத்தோடு கீழே ஓடி பற்றரி வயரைக் கழற்றுவேன். இரண்டு கராஜில் பியூஸ் மாற்றினார்கள், காசு வாங்கினார்கள். மூன்றாவது கராஜில்தான் மெக்கானிக் பாஸ் கேட்டார்: "தம்பி, கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தீங்களா?"

முன் சீட்டைக் கழற்றிவிட்டுக் கார்ப்பெட்டைச் சுருட்டினார். அடியில் இருந்த பஞ்சு கறுத்துப்போயிருந்தது. அதற்கும் கீழே, வயர்க் கட்டு போகும் பள்ளத்தில், அரித்துக் கொட்டிய மா மாதிரி மெல்லிய சேறு காய்ந்து கிடந்தது. சீட் நகரும் தண்டு முழுக்கத் துரு. பிறகு சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தார். வெளியே தெரிகிற பகுதி சுத்தம். சுருளுக்குள் இருந்த கடைசி ஒரு முழம் தேயிலைச் சாயம் பட்டது போலக் கபில நிறம். விற்பதற்கு முன் கழுவியவர் அவ்வளவு தூரம் இழுக்கவில்லை.

2016 மே மாதம் களனி கங்கை பெருகி, கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கமெல்லாம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது ஞாபகம் இருக்கும். அந்த வெள்ளத்தில் நின்ற கார் என்பது பாஸின் கணிப்பு. என்னிடம் ஆதாரம் இல்லை. விற்றவரிடம் போனேன். "நாங்களும் இன்னொருவரிடம் வாங்கினதுதானே" என்று தேத்தண்ணி தந்து அனுப்பினார்.

பழைய உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் நான்கு நாள் அலைந்து பழைய வயரிங் செட் ஒன்று எடுத்து மாற்றினேன். இப்போது ஓடுகிறது. கண்ணாடி சொல்வழி கேட்கிறது. ஹோன் மட்டும் மழைக்காலத்தில் எப்போதாவது ஒருமுறை. உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை மச்சான்:

எனக்கு வாய்த்தது பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் சின்ன ஹைபிரிட். மாடல் பெயர் வேண்டாம், பிழை காரில் இல்லை. நான்காம் மாதம் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

ஹைபிரிட் பற்றரி என்பது ஒரே பெட்டி இல்லை. பின் சீட்டுக்கு அடியில் வரிசையாகக் கோத்த பல துண்டுகள். ஒன்று தளர்ந்தால் மற்றவை அதன் பாரத்தையும் சுமக்கும். அதைக் குளிரவைக்க ஒரு மின்விசிறி காருக்குள்ளே இருக்கும் காற்றைத்தான் இழுக்கிறது. சீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சன்னல் தெரியும், பலர் அதன் மேல் பையை வைத்து அடைத்துவிடுவார்கள். என்னுடையதைக் கழற்றியபோது பூனையா நாயா தெரியவில்லை, ஒரு கைப்பிடி முடி வந்தது. போதாததற்கு 2022 பெற்றோல் தட்டுப்பாடு. பெற்றோல் பங்கிடக் கியூஆர் முறை வந்த புதிதில் காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர். அதற்கு முன் கார்கள் வாரக்கணக்கில் அசையாமல் நின்றன. நின்ற பற்றரியில் துண்டுக்குத் துண்டு சார்ஜ் வேறுபட்டுவிடும்.

இரண்டு துண்டு மாற்றினேன். ஐந்து மாதத்தில் மூன்றாவது. பிறகு நான்காவது. கிழவரின் பல் வரிசை மாதிரிதான், ஒன்றைக் கட்டினால் பக்கத்துப் பல் ஆடும். கடைசியில் முழுப் பற்றரியும் மாற்றினேன். முதலே செய்திருந்தால் பாதிச் செலவு.

சேலில் நிறுத்திவைத்து எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். ஸ்கேனரைப் பொருத்தி, ஏசி போட்டு, நான்கு பேரை ஏற்றி அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஏற்றத்தில் மிதிக்கும்போது துண்டுகளுக்கிடையே வோல்டேஜ் வித்தியாசம் கூடுகிறதா என்று பாருங்கள்.

பம்பலப்பிட்டி 121:

கொரோலா 121, 2004 மாடல். டாக்டர் அன்ரி ஒருவரிடம் நேரே வாங்கியது, அவர்தான் முதல் ஓனர். பெற்றோல் போட்ட கணக்குக்கூடக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். எட்டு வருடமாக ஏசி கம்பிரசர் ஒன்றும் பற்றரி இரண்டும்தான் செலவு. சொல்ல வேறு கதை இல்லை, மன்னிக்கவும்.

தெஹிவளை அக்கா:

முதலில் ஒரு மனக்குறை. ஓட்டப்போவது நான், காசு கட்டுவதும் நான். விற்க வந்தவர் எஞ்சினைப் பற்றி முழுக்க என் கணவரிடமே கதைத்தார். அவருக்கு லைசன்ஸ்கூட இல்லை. நிறம் பிடித்திருக்கிறதா என்று மட்டும் என்னைக் கேட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடல் பக்க ஒழுங்கைகளில் வெளியே நின்ற காரை வெளிச்சத்தில் வடிவாகப் பாருங்கள். உப்புக் காற்று கீழே இருந்துதான் தின்னும். கதவின் அடி விளிம்பு, சில்லுக்கு மேல் உள்ள வளைவு, டிக்கியில் ஸ்பெயார் சில்லு வைக்கும் குழி, இந்த மூன்றும் முக்கியம். நான் பிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைக் கைப்பையில் கொண்டு போனேன். அந்தக் காரின் பின் வளைவில் காந்தம் நிற்கவில்லை, நழுவி விழுந்தது. தகரம் இருக்கவேண்டிய இடத்தில் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

காரின் பதிவுப் புக்கைப் பார்த்தால் விற்க வந்தவர் பெயரே இல்லை. "ஓப்பன் பேப்பர் இருக்கு, உங்கட பேரை எழுதினால் சரி" என்றார். கையெழுத்து வைத்த உண்மையான ஓனர் கனடாவில். விற்ற 14 நாளுக்குள் பெயர் மாற்றக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். இது மூன்று கை மாறி வந்திருக்கிறது. நாரஹேன்பிட்ட மோட்டார் வாகனத் திணைக்களத்தில் போய் நின்று "அவர் கனடாவில்" என்று நான் சொல்லவா? லீசிங் கம்பனியின் பெயர் புக்கில் இன்னும் இருந்தால் அது வேறு தலையிடி, கடன் முடிந்தது என்று கம்பனி கடிதம் தரும்வரை கார் முழுக்க உங்களுடையது இல்லை. நான் எழும்பி வந்துவிட்டேன். கணவருக்குத்தான் கவலை, அவருக்கு நிறம் பிடித்திருந்தது.

நுகேகொடை:

மைலேஜைப் பற்றி யாரும் எழுதவில்லையே. ஜப்பானிலிருந்து வந்த காருக்கு அங்கே ஏலத்தில் எழுதிய தாள் ஒன்று இருக்கும். செசி நம்பரை வைத்துத் தேடி எடுக்கலாம். தரம் 4, 4.5 என்றால் நல்லது, ஆர் என்று இருந்தால் அடிபட்டுத் திருத்தியது. படத்தில் கதவுக்கு மேல் டபிள்யூ என்றிருந்தால் அந்தக் கதவில் டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது, இரண்டு எக்ஸ் என்றால் மாற்றியிருக்கிறார்கள். நான் பார்த்த ஒரு கார் ஏலத்தில் 91,000 ஓடியிருந்தது. இங்கே நான்கு வருடம் ஓடிய பிறகு 63,000. பின்பக்கமாகவே ஓட்டினார்கள் போல.

வெள்ளவத்தைவாசி:

நுகேகொடை அண்ணா, மீட்டரைத் திருப்புவது களவுதான், மறுக்கவில்லை. ஆனால் இலக்கம் பெரிதாக இருக்கிறது என்பதற்காக நல்ல காரை விடவேண்டாம். யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் ஓடிய இரண்டு லட்சம் கிலோமீட்டரை விட, காலை நெரிசலில் கொழும்பு பேஸ்லைன் வீதியில் ஊர்ந்த ஒரு லட்சம்தான் கியர்பொக்ஸைக் கொல்லும். நான் இப்போது பிரேக் மிதியின் ரப்பரைத்தான் பார்ப்பேன். 60,000 ஓடிய காரில் அது வழுக்கையாக இருந்தால் கேள்வி கேட்கவேண்டும்.

நுகேகொடை:

வெள்ளத்தில் நின்ற காரை வாங்கியவர் சொல்கிறார், கேட்டுக்கொள்கிறேன். 😄

கிருலப்பனைத் தம்பி:

அண்ணாமார், அக்கா, நன்றி. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் தொடங்கியபோது விலை விழும் என்று காத்திருந்தேன். புதிதாக வந்தவற்றின் வரியைக் கேட்டதும் பழையதே போதும் என்றாகிவிட்டது. சனிக்கிழமை ஒன்று பார்க்கப் போகிறேன். உள்ளே புத்தம் புதுசு மாதிரி இருக்கிறது என்று போனில் சொன்னார். டோர்ச், காந்தம் இரண்டும் எடுத்துவைத்துவிட்டேன்.

கிருலப்பனைத் தம்பி:

போய் வந்தேன். காந்தம் ஒட்டியது. சீட் பெல்ட்டை இழுக்கும்வரை சிரித்துக்கொண்டுதான் நின்றார். "கார்ப்பெட்டைக் கொஞ்சம் தூக்கலாமா அண்ணா?" என்று கேட்டேன். போனை எடுத்துப் பார்த்துவிட்டு, வேறொருவர் இப்போதுதான் அட்வான்ஸ் போட்டுவிட்டார் என்றார்.