டெகாவின் ‘நீல நடனமாதர்’ பிரிண்ட்: எப்படிச் சட்டம் போடுவது?

கேள்வி:
பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகாவின் ‘நீல நடனமாதர்’ பிரிண்ட் இருக்கிறது. படம் 50 x 50 செ.மீ., சுற்றிலும் 5 செ.மீ. வெள்ளை ஓரம், 310 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 310 கிராம்) மேட் பருத்திக் காகிதம். குழாயில் வந்ததால் சுருள் போகவில்லை. ஃபோம் போர்டில் முழுவதும் பசை தடவி ஒட்டி, மேலேயே கண்ணாடி வைத்து, 50 x 70 ஃபிரேமில் போடலாம் என்கிறார் சட்டம் போடுபவர். சரிதானா? இது இங்க்ஜெட்டா (மைத்துளி தெளிக்கும் அச்சு), ஆஃப்செட்டா (தகட்டு அச்சு) என்று எப்படித் தெரியும்?

பதில் 1:
மூன்றுமே வேண்டாம். முதலில் அளவு. மூல ஓவியம் 1897 வாக்கில் பாஸ்டலில் (சாக்குக்கட்டி போன்ற பொடி வண்ணம்) வரைந்தது, மாஸ்கோ புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 65 x 65 செ.மீ. சதுரம். 50 அகல ஃபிரேமுக்குப் பக்கவாட்டு வெள்ளையை வெட்டியாக வேண்டும், அதற்கு மேல் ஃபிரேமின் உதடு படத்தில் அரை சென்டிமீட்டரை விழுங்கும். பாவாடைகளையும் கைகளையும் டெகா வேண்டுமென்றேதான் ஓரத்தில் வெட்டி நிறுத்தியிருக்கிறார். அந்த வெட்டு விழும் இடம்தான் படத்தின் உயிர். அதில் நாம் கை வைக்கக் கூடாது.

படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே வரும் அட்டையான மவுண்ட் போர்டின் ஜன்னலை 51 x 51 ஆக வெட்டச் சொல்லுங்கள். சுற்றி அரை செ.மீ. வெள்ளை தெரியும். மேல்பக்கமும் பக்கவாட்டிலும் 8, கீழே 9 செ.மீ. விட்டால் போர்டு 67 x 68. ஃபிரேமின் உள்ளளவு 3 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும்.

சுருளுக்கு, எதிர்ப்பக்கமாகக் குழாயில் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தால் போதும்.

பதில் 2:
சுருள் விஷயத்தில் உடன்பாடில்லை. எதிர்ப்பக்கம் சுற்றினால் மேட் பூச்சில் விரிசல் விழலாம், மை உரசிப் பளபளக்கும். அமிலமில்லாத இரண்டு தாள்களுக்கு நடுவே விரித்து, மேலே தட்டையான பலகையும் கனமும் வைத்து இரண்டு நாள் விடுங்கள். வெறும் விரலால் படத்தைத் தொட வேண்டாம்.

ஒட்டும்போது மேல் ஓரத்தில் மட்டும், பின்பக்கமாக, இரண்டு ஜப்பானியக் காகிதப் பட்டைகள். கோதுமை மாவுப் பசை. காகிதம் ஈரக்காற்றில் விரியும், வறண்டால் சுருங்கும். நாலு பக்கமும் பிடித்தால் போக இடமில்லாமல் அலை அலையாக எழும்பும். செல்லோடேப் மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும்.

கண்ணாடி படத்தைத் தொடவே கூடாது. உள்ளே ஈரம் படிந்தால் மைப்பரப்பு அதோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மை உரிந்து வரும். மவுண்ட் போர்டு தரும் ஒன்றரை மி.மீ. இடைவெளி அதற்குத்தான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கண்ணாடியா, அக்ரிலிக்கா?

பதில் 3:
இந்த அளவுக்கு 2 மி.மீ. கண்ணாடியே சுமார் 2.3 கிலோ, அக்ரிலிக் அதில் பாதிதான். அசல் பாஸ்டலுக்கு அக்ரிலிக் ஆகாது, நிலைமின்சாரம் பொடியை இழுக்கும். பிரிண்டுக்கு அந்தப் பயமில்லை. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகையாகப் பாருங்கள். அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள். எதைப் போட்டாலும் நேர் வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம்.

அச்சு வகையை அறிய 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (கை உருப்பெருக்கி) போதும். வெளிர் நீலப் பகுதியைப் பாருங்கள். வரிசை பிசகாத புள்ளிகள் பூ வடிவில் சேர்ந்திருந்தால் ஆஃப்செட். ஒழுங்கில்லாமல் தூவியது போன்ற நுண்துளிகள் என்றால் இங்க்ஜெட். மை பிக்மென்ட்டா (நிறத்துகள் மை), டையா (கரைந்த சாயம்) என்பது லூப்பில் தெரியாது. அதை அச்சிட்டவரிடம்தான் கேட்க வேண்டும்.