தாலுகா போர்டு உறுப்பினர் விவரம் தேவை

வணக்கம். 1884-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஜில்லா (மாவட்ட) போர்டு, தாலுகா போர்டு, யூனியன் (ஓர் ஊர் அல்லது சில ஊர்களுக்கான அமைப்பு) என்று மூன்றடுக்கு நிர்வாகத்தைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் ஜில்லா போர்டுக்குக் கலெக்டர்தான் தலைவராக இருந்தார். உறுப்பினர்களில் நியமனம் யார், தேர்தலில் வந்தவர் யார் என்று பிரித்துப் பட்டியல் தயாரிக்கிறோம். வெறும் 'மெம்பர்' என்ற குறிப்பு போதாது. ஜனங்களின் ஓட்டு எப்போது செல்லத் தொடங்கியது என்பதே கேள்வி.

தஞ்சாவூர், திருநெல்வேலி விவரம் அவசரம். தாலுகா போர்டுகள் 1934-இல் ஒழிக்கப்பட்டன. ஆகவே தாலுகா பெயரில் கோப்பு கிடைக்காவிட்டால் ஜில்லா போர்டு கோப்புக் கட்டுகளையும் புரட்டுங்கள். பழைய போர்டு பள்ளிகளின் திறப்பு விழாக் கல்லிலும் பெயர் இருக்கும். ஒரே பெயரில் பலர் வருவதால் தகப்பனார் பெயர், ஊர் இரண்டும் வேண்டும். ஆவணத்தைப் படம் எடுத்தால் அரசாணை எண், தேதி, துறை தெரியும்படி முழுப் பக்கமாக அனுப்புங்கள்.