சுழற்சி நீரில் கரைந்த தாமிரம்: பிரித்தெடுத்த ஈயத் தாதுவில் துத்தநாகம் கலப்பது ஏன்?

கேள்வி:
ராஜஸ்தானின் ஜாவர் பகுதி ஈய-துத்தநாகத் தாதுவை எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் நுரை மிதப்பு முறையில் (தாதுத் துகள்களைக் காற்றுக் குமிழிகளில் ஒட்டவைத்து நுரையாக மேலே எடுப்பது) பிரித்து வருகிறேன். குழாய்நீரில் செய்தால் கலீனா (ஈய சல்பைடுத் தாது) முதலில் மிதந்து வருகிறது. ஸ்பேலரைட் (துத்தநாக சல்பைடுத் தாது) கீழே தாதுவும் நீரும் கலந்த கூழிலேயே தங்கிவிடுகிறது. ஆனால் துத்தநாகப் பிரிப்புக்குப் பின் வடித்தெடுத்த நீரையே (சுழற்சி நீர்) அடுத்த முறை பயன்படுத்தும்போது, சாந்தேட்டின் (துகளில் ஒட்டி அதை மிதக்கவைக்கும் வேதிப்பொருள்) அளவையும் பிஹெச்சையும் மாற்றாமலிருந்தும், முதல் நிமிடத்திலேயே சாம்பல் நிற நுரையில் பழுப்பு ஏறிவிடுகிறது. காரணம் என்ன?

பதில் 1:
அந்தப் பழுப்பு ஸ்பேலரைட்தான். துத்தநாக சாந்தேட் நீரில் ஓரளவு கரையக்கூடியது என்பதால், தூய ஸ்பேலரைட்டின் மேற்பரப்பில் சாந்தேட் நிலையாக ஒட்டுவதில்லை. துத்தநாகத்தை மிதக்கவைக்க நீங்கள் சேர்த்த தாமிர சல்பேட்டின் மிச்சம் நீரில் இருந்தால், தாமிர அயனி மேற்பரப்பிலுள்ள துத்தநாக அயனியை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தில் அமர்கிறது. தாமிர சல்பைடு துத்தநாக சல்பைடைவிட மிகமிகக் குறைவாகவே கரைவதால் இந்த மாற்றம் தானாகவே நடக்கிறது. உள்ளே ஸ்பேலரைட்டாகவே இருக்கும் துகள், சாந்தேட்டின் பார்வைக்குத் தாமிரத் தாதுவாகிவிடுகிறது. கலீனாவிலிருந்து கரையும் ஈய அயனிக்கும் ஓரளவு இந்தக் குணம் உண்டு.

பதில் 2:
முந்தைய விளக்கம் சரியே, ஆனால் நீரில் மிஞ்சிய சாந்தேட்டும் காரணமாக இருக்கலாம் என்பதால் சோதித்தே முடிவுசெய்யுங்கள். சுழற்சி நீரில் உள்ள அளவு தாமிரத்தைக் குழாய்நீரில் கலந்து ஒருமுறை மிதக்கவிட்டுப் பாருங்கள். கார நீரில் தாமிரம் பெரும்பாலும் ஹைட்ராக்சைடு நுண்துகளாகவே இருக்கும். வடிகட்டிய நீரை மட்டும் அளந்தால் அது கணக்கில் வராது. ஆகவே வடிகட்டாத நீரை அமிலமாக்கியும் அளக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. ஸ்பேலரைட் மிதக்காமல் தடுக்கத் துத்தநாக சல்பேட்டை மிதப்புக் கலத்தில் சேர்த்தும் பயன் குறைவாகவே இருந்ததே?

பதில் 2:
கலத்தில் சேர்ப்பது காலம் கடந்த செயல். துகள் உடைந்து புதிய மேற்பரப்பு பிறப்பது தாதுவை உருண்டைகளால் அரைக்கும் மில்லுக்குள் (ball mill). தாமிரம் அதைத் தொடுவதும் அங்கேயே. துத்தநாக சல்பேட்டையும் சோடியம் சல்ஃபைட்டையும் மில்லிலேயே இடுங்கள். கார நிலையில் உருவாகும் துத்தநாக ஹைட்ராக்சைடு ஸ்பேலரைட்டின் மேல் படிந்து அதை நீர்விரும்பியாக்கும். ஆலைகளில் தாமிரத்தைக் கட்டிப்போடச் சோடியம் சயனைடும் இடுவார்கள். பிஹெச் சரிந்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும் என்பதால், கல்லூரி ஆய்வகத்தில் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.