பிரெஞ்சு மட்டுமே பேசும் விடுதியில் ஐந்து வாரம்: மகளை அனுப்பலாமா?

கேள்வி: இளவேனில், ஸ்காபுறோ

அனைவருக்கும் வணக்கம். பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டை முடித்திருக்கும் என் மகளுக்கு, கனடிய அரசின் உதவித்தொகையுடன் நடக்கும் 'எக்ஸ்ப்ளோர்' திட்டத்தின் கீழ், நோவா ஸ்கோசியாவிலுள்ள சேன்த் ஆன் பல்கலைக்கழகத்தில் ஐந்து வாரம் தங்கிப் பிரெஞ்சு படிக்க இடம் கிடைத்திருக்கிறது. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அந்த உதவித்தொகைக்குள் அடங்கிவிடுகின்றன. போய்வரும் செலவுதான் எங்களுடையது. ஆகவே நான் கேட்க வந்தது பணத்தைப் பற்றியன்று.

வகுப்பில் மட்டுமல்லாமல் விடுதி அறையிலும் சாப்பாட்டுக்கூடத்திலும் விளையாட்டுத்திடலிலும் பிரெஞ்சைத் தவிர வேறு மொழி பேசுவதில்லை என்று வாக்குக் கொடுத்துக் கையெழுத்திட வேண்டுமாம். என் மகள் தமிழிலேயே அளந்து கதைக்கிறவள்; பிரெஞ்சை ஒன்பதாம் வகுப்புடன் விட்டவள். யாரும் இல்லாத ஊரில், பாதி விளங்கிய மொழியில், நாள் முழுவதும் அவள் எப்படி இருப்பாள்? இரவில் என்னுடன் தமிழில் பேசினால் அதுவும் விதிமீறலாகுமா? அவள் மரக்கறி மட்டுமே உண்பவள் என்பதையும் சொல்ல வேண்டும். அப்படியான விடுதியில் இருந்தவர்கள் உள்ளதை உள்ளபடி எழுதினால் நன்றியுடையவளாவேன்.

பதில் 1: கடற்காற்று

வணக்கம் அக்கா. சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் அதே இடத்தில், அதே திட்டத்தில் இருந்தவன். முதல் வாரம் கடினமானது என்பதை மறைக்க மாட்டேன். வந்த அன்றே என் கட்டிலில் தலையணை இல்லை. பிரெஞ்சில் தலையணை 'ஒரேயே', காது 'ஒரேய்'. அலுவலகத்துக்குப் போய், மனத்துக்குள் பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியத்தை மிகுந்த மரியாதையுடன் சொன்னேன்: "மன்னிக்கவும் அம்மா, எனக்குக் காது இல்லை." அந்த அம்மையார் என் இரண்டு காதுகளையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு தலையணையுடன் திரும்பி வந்தார். அந்தச் சொல் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. வகுப்பில் எழுதிப் படித்த வினைத்திரிபுப் பட்டியல்களில் பாதி எப்போதோ போய்விட்டது.

விடுதியில் மொழி வருவது இப்படித்தான். துணி துவைக்கும் இயந்திரம் சில்லறையை விழுங்கிவிட்டது என்று சொல்ல வேண்டும், அறைத் தோழன் சாளரத்தைத் திறந்து வைத்துத் தூங்குவதால் குளிர்கிறது என்று சொல்ல வேண்டும், சுடுநீர் வரவில்லை என்று சொல்ல வேண்டும். பாடநூலில் இவை எதுவும் கிடையாது. தேவை வந்து முன்னால் நிற்கும்போது கையாலும் முகத்தாலும் பாதியைச் சொல்லி, மீதிச் சொல்லை எதிரில் இருப்பவரிடமிருந்து வாங்கிக்கொள்கிறோம்.

அந்த ஊரைப் பற்றியும் உங்கள் மகள் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. புவான்த் த லெக்லீஸ் என்பது சேன்த் மரி விரிகுடாக் கரையிலுள்ள சிற்றூர். ஹலிஃபக்ஸிலிருந்து காரில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். 1755இல் பிரித்தானியரால் நாடுகடத்தப்பட்ட, பிரெஞ்சு பேசும் அக்காடிய மக்களில் திரும்பி வந்தவர்கள் 1768 முதல் குடியேறிய கரை அது. அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1890இல் கத்தோலிக்கத் துறவியர் தொடங்கிய கல்லூரியே இன்றைய பல்கலைக்கழகம். பக்கத்தில் முற்றிலும் மரத்தாலான, 1905இல் கட்டி முடிக்கப்பட்ட மிகப் பெரிய தேவாலயம் நிற்கிறது. கடற்காற்றில் கோபுரம் ஆடாமலிருக்க அதனுள் பல தொன் கற்களை நிரப்பியிருக்கிறார்கள்.

ஊரார் பேசுவது வகுப்புப் பிரெஞ்சு அன்று. எழுபதை வகுப்பில் 'அறுபதும் பத்தும்' என்று பொருள்படும் 'சுவாஸாந்த் தீஸ்' என்று படித்துவிட்டுக் கடைக்குப் போனால், அங்குள்ள முதியவர் 'செப்தாந்த்' என்கிறார். 'இல்லை' என்பதற்கு 'பா' என்று நாம் படித்திருக்க, அவர்கள் பழைய 'புவான்' என்ற சொல்லையே வைத்திருக்கிறார்கள். முதலில் தலைசுற்றியது. யாழ்ப்பாணத்துப் பேச்சைக் கேட்டுச் சென்னை நண்பர் விழிப்பதை நினைத்துக்கொண்ட பிறகு சிரிப்பாக வந்தது.

சாப்பாட்டுக்கு வழி உண்டு. விண்ணப்பத்திலேயே மரக்கறி என்று குறிப்பிடச் சொல்லுங்கள். 'ராப்யூர்' என்ற ஊர்ப் பலகாரத்தை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். உருளைக்கிழங்கைத் துருவி, நீரைப் பிழிந்தெடுத்து, அந்த நீருக்கு ஈடாகக் கோழிச்சாற்றை ஊற்றிப் போறணையில் வைத்து எடுப்பது. ஆகவே அதை மட்டும் அவர் தவிர்க்க வேண்டும்.

ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய் கொடுத்து விடுங்கள். இது என்ன, எப்படிச் செய்வது என்று மேசையிலுள்ள ஆறு பேர் கேட்டால், உங்கள் மகள் பிரெஞ்சில் பத்து நிமிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

பதில் 2: விடுதிக் காவலர்

நான் கியூபெக்கில் இத்தகைய ஒரு விடுதியில் இரண்டு கோடைகாலம் மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். முந்தைய பதிலில் விதியின் நடைமுறை சொல்லப்படவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நாக்குத் தவறி ஆங்கிலச் சொல் ஒன்று வந்ததற்காக நாங்கள் யாரையும் தண்டித்ததில்லை. வேண்டுமென்றே ஆங்கிலத்தில் கூடிப் பேசுகிறவர்களுக்கு எச்சரிக்கை கொடுப்போம். எச்சரிக்கைகள் சேர்ந்தால் வீட்டுக்கு அனுப்பும் நிலையும் வரும். நோய், மனக்கலக்கம், பாதுகாப்பு என்று வந்தால் விதி ஒதுங்கிக்கொள்ளும். எந்த மொழியிலும் பேசலாம். வீட்டாருடன் தொலைபேசியில் பேசுவதற்கு எங்கள் விடுதியில் தடை இருக்கவில்லை, ஆனால் பொது இடத்தில் நின்று பேசக்கூடாது. ஒவ்வோர் இடத்திலும் இது சற்று மாறுபடும். கையெழுத்திடும் தாளை உங்கள் மகள் முழுமையாக வாசிக்கட்டும்.

என் அனுபவத்தில் ஆங்கிலம் பேசிய பிள்ளைகளைவிட, எதுவுமே பேசாமல் இருந்த பிள்ளைகள்தாம் குறைவாகக் கற்றார்கள். விதியை மீறவில்லை என்பதால் அவர்கள் எவர் கண்ணிலும் படுவதில்லை. இரண்டாம் வாரத்தில் களைப்பு உச்சத்துக்கு வரும். இரவு எட்டு மணிக்கே படுக்கப் போவார்கள், சாப்பாட்டுக்கூடத்தில் ஓரத்து மேசையைத் தேடுவார்கள். உங்கள் மகள் அளந்து பேசுகிறவர் என்பதால், நாடகம், சமையல், கைப்பந்து என்று கைக்கு வேலை தரும் மாலைக் குழு ஒன்றில் முதல் நாளே பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். கை வேலையில் இருக்கும்போது வாய்க்குக் கூச்சம் குறைகிறது.

அழைப்பு நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அங்கே நேரம் ரொறன்ரோவைவிட ஒரு மணி முன்னால். உங்களுக்கு இரவு பத்து என்றால் அவருக்குப் பதினொன்று. நாள்தோறும் ஒரு மணி நேரம் தமிழில் அழுதுவிட்டு மறுநாள் காலை பிரெஞ்சுக்குத் திரும்புவது பிள்ளைக்குப் பெரும் சுமை. வாரத்தில் இரண்டு முறை போதும் என்பேன். தாய்மார் இதற்கு என்னைக் கோபிப்பது வழக்கம்.

பதில் 3: வெர்மான்ட் வாசி

மேலே சொன்னவற்றுடன் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. எதிர்பார்ப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன். அமெரிக்காவில் மிடில்பரி கல்லூரி 1915இல் ஜெர்மன் மொழிக்கும் அதற்கடுத்த ஆண்டு பிரெஞ்சுக்கும் கோடைப் பள்ளி தொடங்கியது. அங்கும் மொழி வாக்குறுதி உண்டு, பிரெஞ்சுக்கு ஏழு வாரம். 1925இல் பிரெஞ்சுக்கென்றே 'ஷாத்தோ' என்ற விடுதியையும் அங்கே கட்டினார்கள். நான் அந்தக் கோடைப் பள்ளியில் ஏழு வாரமும் இருந்தேன். ஊரில் விவாத மேடை ஏறியவன், அங்கே முதல் பத்து நாள் 'நன்று', 'நன்றன்று', 'பசிக்கிறது' என்ற மூன்று வாக்கியங்களுக்குள் சுருங்கிப் போனேன். பிறர் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமலே நானும் சிரித்தேன். ஏழாம் வாரம் அறைத் தோழனுடன் அரசியல் பேசிச் சண்டை பிடிக்கும் அளவுக்கு வந்தேன். வீடு திரும்பிய மூன்று மாதத்தில், புழக்கம் இல்லாமல், அதில் பாதி கரைந்துவிட்டது.

ஆகவே ஐந்து வாரத்துக்குப் பிறகு என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசியுங்கள். ரொறன்ரோவிலேயே யோர்க் பல்கலைக்கழகத்தின் கிளெண்டன் கல்லூரி இருமொழிக் கல்லூரியாக இருக்கிறது. எட்மன்டனில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் சேன் ஜான் வளாகம் முழுவதும் பிரெஞ்சில் இயங்குகிறது. செப்டெம்பரில் ஒரு பாடமாவது பிரெஞ்சில் எடுக்க முடியுமா என்று உங்கள் மகள் விசாரிக்கட்டும்.

இளவேனில்

மூவருக்கும் நன்றி. பதில்களை அப்படியே மகளிடம் வாசித்துக் காட்டினேன். தலையணைக் கதைக்குச் சிரித்தவள், வாரத்தில் இரண்டு அழைப்பு என்பதற்கு என்னைவிட விரைவாகச் சம்மதித்ததுதான் எனக்குச் சற்று வருத்தம். சமையல் குழுவில் சேர்வதாகச் சொல்கிறாள். ஊறுகாய் ஒன்று போதாது, இரண்டு போத்தல் வேண்டுமாம். எண்ணெய் கசியாமல் பெட்டியில் கட்டி அனுப்பும் வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.