மழை வந்தால் தூங்காத பிள்ளை: ஆலோசகர் தேவை

நண்பர்களே, 2024 ஜூலை 30 விடியற்காலையில் கேரளத்தின் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையைப் புதைத்த நிலச்சரிவு நினைவிருக்கும். அதில் தப்பி நீலகிரி மாவட்டம் பந்தலூர் வந்த ஒரு தோட்டத் தொழிலாளர் குடும்பத்தை வாராவாரம் பார்க்கிறேன். அரிசி, போர்வை, பாத்திரமெல்லாம் வந்து சேர்ந்தது. ஒரு மூட்டையை இன்னும் பிரிக்கவேயில்லை. ஆனால் தகரத்தில் மழை விழுந்தால் போதும், ஒன்பது வயதுப் பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையைக் கட்டிப்பிடித்தபடி வாசப்படியில் உட்கார்ந்துவிடுகிறாள். விடியும்வரை. பாட்டியும் கூடவே விழித்திருக்கிறார். ‘மறந்துடு, மறந்துடு’ என்று நாம் சொல்லிச் சொல்லியே அவள் வாயை அடைத்துவிட்டோம் என்று தோன்றுகிறது.

அரசின் மனநல உதவி எண்ணான 14416, டெலி மானஸில் பாட்டி தமிழில் பேசினார், கொஞ்சம் தெளிந்தார். பிள்ளைக்கு நேரில் ஆள் வேண்டும். கூடலூர் பக்கம் குழந்தைகளோடு பழகிய மனநல ஆலோசகர் யாராவது மாதம் இருமுறை வர முடியுமா? பஸ் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஒருமுறை வந்து போட்டோ எடுத்துப் போகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம்.