தண்டையார்பேட்டையிலிருந்து அம்மா, அப்பா முதல் தடவை சிங்கப்பூர் வர்றாங்க: எதையெல்லாம் முன்கூட்டியே பார்க்கணும்?

புதுவண்ணை_மகள்

எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் சிங்கப்பூர்ல எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டுல ஒரு ரூம் வாடகைக்கு எடுத்து இருக்கோம். ஓனர் குடும்பமும் அதே வீட்டுலதான். அப்பாவுக்கு 68, துறைமுகத்துல ரிட்டயர்டு, இன்சுலின் போடுறார். அம்மாவுக்கு 63, முட்டி வலி. ரெண்டு பேரும் இதுவரைக்கும் ஃபிளைட் ஏறினதில்ல. நவம்பர் கடைசியில வந்து ஒரு மாசம் இருக்கிற மாதிரி யோசிக்கிறோம்.

விசா எப்படி எடுக்கிறது? ஒரு மாசத்துக்கு மட்டும் பக்கத்துலயே தனியா ரூம் எடுக்கலாமா? அம்மா காசிமேட்டுக் கருவாடும் மெஷின்ல அரைச்ச மிளகாய்த்தூளும் கொண்டுவர்றதா சொல்றாங்க, அது பிரச்சனையாகுமா? தண்டையார்பேட்டை வீடு ஒரு மாசம் பூட்டியே கிடக்கும், அதுவும் மழைக்காலம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கல்மண்டபம்79

தங்கச்சி, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பாஸ்போர்ட்டையும் திறந்து பேர் எப்படி இருக்குன்னு பாருங்க. நம்ம பக்கத்துப் பெரியவங்க பாஸ்போர்ட்ல பாதிக்குப் பாதி ‘சர்நேம்’ கட்டம் காலியா இருக்கும், பேர் மட்டும் ‘கிவன் நேம்’ல இருக்கும். ஏர்லைன் வெப்சைட் ரெண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். உடனே வீட்டுக்காரர் பேரையோ இனிஷியலையோ அங்க போட்டுடுறாங்க. பாஸ்போர்ட்ல இல்லாத பேர் டிக்கெட்ல வந்துடுச்சுன்னா கவுண்டர்ல நிறுத்துவாங்க, திருத்தப் பணமும் கேப்பாங்க. ஒத்தைப் பேருக்கு ஒவ்வொரு ஏர்லைனும் ஒவ்வொரு முறை வெச்சிருக்கு. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுப் போடுங்க. விசா படிவத்துல பாஸ்போர்ட்ல இருக்கிறபடியே, ஓர் எழுத்து மாறாம எழுதணும். பாஸ்போர்ட்டும் சிங்கப்பூர்ல இறங்குற தேதியிலிருந்து 6 மாசத்துக்காவது செல்லணும்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். சென்னையில இருக்கிற அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலமாப் போடுறது பெரியவங்களுக்குச் சுலபம். 14ஏ படிவம், வெள்ளைப் பின்னணியில 35க்கு 45 மில்லிமீட்டர் போட்டோ (3 மாசத்துக்குள்ள எடுத்தது), பாஸ்போர்ட் நகல். கூடவே நீங்க எழுதின அழைப்புக் கடிதம், உங்க வேலை பாஸ் நகல், அப்பாவோட பென்ஷன் வர்ற பேங்க் ஸ்டேட்மென்ட் இதெல்லாம் கேப்பாங்க, தயாரா வெச்சுக்கோங்க. விசாக் கட்டணம் ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர். கிடைக்கலேன்னாலும் திரும்பி வராது. ஏஜென்ட் சர்வீஸ் சார்ஜ் தனி. விசா பாஸ்போர்ட்ல ஒட்டி வராது, மெயில்ல வர்றதைப் பிரின்ட் எடுத்து ஆளுக்கு ஒண்ணு கையில கொடுத்துடுங்க.

அடுத்தது எஸ்ஜி அரைவல் கார்டு, ஆன்லைன்ல நிரப்புற வருகைப் படிவம். இறங்குற நாளையும் சேர்த்து 3 நாளுக்குள்ளதான் போட முடியும். ஐசிஏ (சிங்கப்பூர் இமிகிரேஷன் துறை) வெப்சைட்ல காசு கிடையாது. தேடினா முதல்ல வர்ற சில தனியார் சைட் பணம் புடுங்கும், அதுல போகாதீங்க. நம்ம பாஸ்போர்ட் நம்பர் ஓர் எழுத்து, அப்புறம் ஏழு இலக்கம். அந்த ஏழுல பூஜ்யம் வர்ற இடத்துல ‘ஓ’ எழுத்தை அடிச்சிடாதீங்க.

இதுல நிறைய பேர் கோட்டை விடுற இடம் ஈமெயில். ஐசிஏ இப்ப பாஸ்போர்ட்ல முத்திரை குத்துறதில்ல. எந்தத் தேதி வரைக்கும் தங்கலாம்ங்கிறது இ-பாஸா, அரைவல் கார்டுல கொடுத்த ஈமெயிலுக்குத்தான் வரும். ஏஜென்ட் தன்னோட மெயிலைப் போட்டுட்டா உங்களுக்குத் தேதியே தெரியாமப் போயிடும். உங்க ஈமெயிலையே போடுங்க. விசாவுல இருக்கிற செல்லுபடித் தேதி வேற, தங்குறதுக்கான நாள் வேற. எத்தனை நாள்ங்கிறதை இமிகிரேஷன்ல அன்னைக்குத்தான் முடிவு பண்ணுவாங்க. இ-பாஸ் வந்ததும் அந்தத் தேதிக்குள்ள ரிட்டன் டிக்கெட் இருக்கான்னு அன்னைக்கே சரிபாருங்க.

டிக்கெட் தேதியும் கவனம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போற ஃபிளைட் நிறைய நடுராத்திரியை ஒட்டித்தான். டிக்கெட்ல 26ஆம் தேதி 00:40ன்னு இருந்தா 25ஆம் தேதி ராத்திரி 9 மணிக்கு ஏர்போர்ட்ல இருக்கணும். 26 ராத்திரி பெட்டியோட போய் நின்னா ஃபிளைட் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். அப்பாகிட்ட தேதியைச் சொல்லாதீங்க. ‘செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டை விட்டுக் கிளம்பணும்’னு கிழமையாச் சொல்லுங்க.

---

தேக்கா_பக்கம்

ரூம் விஷயத்துக்கு வர்றேன். ஒரு மாசத்துக்குப் பக்கத்துல ரூம் எடுக்க முடியாது. ஆள் கிடைக்காம இல்ல, சட்டமே விடாது. எச்டிபி வீட்டை வாடகைக்கு விட்டா குறைஞ்சது 6 மாசம், தனியார் காண்டோன்னா குறைஞ்சது 3 மாசம். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம், ஒரு மாசம் தர்றேன்’னு விளம்பரம் போடுறவங்க இருக்காங்க. புகார் போச்சுன்னா வயசான ரெண்டு பேரும் பெட்டியோட வெளியில நிக்கணும். வேண்டவே வேண்டாம்.

அப்போ இருக்கிறது ரெண்டு வழி. ஒண்ணு, நீங்க இருக்கிற ரூம்லயே தங்க வைக்கிறது. முதல்ல உங்க வாடகை ஒப்பந்தத்துல விருந்தாளி ராத்திரி தங்குறதைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிங்க. அப்புறம் ஓனர்கிட்ட வாய்வார்த்தையா இல்லாம மெசேஜ்ல அனுமதி வாங்குங்க: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, கிச்சன் எத்தனை மணிக்கு, தண்ணி, கரண்ட் பில்லுல எவ்வளவு கூடுதலாத் தரணும். கருவாடு வறுக்கிறதையும் வெட்கப்படாம இப்பவே கேட்டுடுங்க. ஜன்னல் சாத்தி ஏசி ஓடுற வீட்டுல அந்த வாசம் ரெண்டு நாளைக்கு நிக்கும். உங்க அம்மா ஆசையா வறுத்த அன்னைக்கு ஓனர் முகம் சுளிச்சா அவங்க மனசு நொந்துபோகும்.

இன்னொண்ணு, ஹோட்டல் இல்லாட்டி சர்வீஸ் அபார்ட்மென்ட். அது ஒரு மாசத்துக்குக் கட்டுப்படியாகாது. என் யோசனையைக் கேட்டா, நாலு பேர் ஒரே ரூம்ல 30 நாள் வேண்டாம். 12 நாள், 14 நாள்னு சுருக்கிக்கிட்டு, அதுல நீங்களும் வீட்டுக்காரரும் மாத்தி மாத்தி லீவு எடுங்க. ரெண்டு பேரும் ஆபீஸ் போயிட்டா, மொழி தெரியாத ஊர்ல நாலு சுவத்துக்குள்ள அவங்க நாள் முழுக்க உங்க வரவைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பாங்க. 30 நாள் அப்படிக் கழியிறதை விட, கூட இருந்து கழியிற 12 நாள்தான் அவங்களுக்கு வேணும்.

பகல்ல தனியா இருக்கிற நாளுக்கு: அடுப்பு இன்டக்ஷனா கேஸான்னு பாருங்க. இன்டக்ஷன்னா அலுமினியச் சட்டி சூடாகாது, இரும்புத் தோசைக்கல் வேலை செய்யும். கதவு டிஜிட்டல் லாக்னா வெளியிலிருந்து திறக்கிறதை நாலைஞ்சு தடவை அவங்க கையாலயே செய்யச் சொல்லுங்க. பிளாக் நம்பர், மாடி, யூனிட் நம்பர், உங்க போன் நம்பரை ஆங்கிலத்துலயும் தமிழ்லயும் எழுதி ஆளுக்கொரு அட்டையா சட்டைப் பையிலயும் பர்ஸ்லயும் வைங்க. பிளாக் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், கீழ நடக்கப் போனவங்க திரும்பி வர்றப்ப பக்கத்து பிளாக் லிஃப்ட்ல ஏறிடுவாங்க. ஆம்புலன்ஸ் 995, போலீஸ் 999.

பஸ், எம்ஆர்டிக்கு (மெட்ரோ ரயில்) ஆளுக்கொரு ஈசி-லிங்க் கார்டு. முதியோர் சலுகை குடிமக்களுக்கும் பிஆர்காரங்களுக்கும் (நிரந்தரவாசிகள்) மட்டும்தான், விருந்தாளிக்குக் கிடையாது. மீன் வாங்க அம்மாவை லிட்டில் இந்தியாவுல இருக்கிற தேக்கா மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வஞ்சிரத்தைத் ‘தெங்கிரி’ன்னு கேட்டா எடுத்துக் கொடுப்பாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் வேண்டாம். அன்னைக்கு லிட்டில் இந்தியாவுல நிக்கவே இடம் இருக்காது, முட்டி வலிக்காரங்களுக்குக் கஷ்டம்.

---

காசிமேடு_பழைய_வார்ஃப்

கருவாடு கொண்டு வரலாம், கவலை வேண்டாம். மீன் வகை ஆளுக்கு 5 கிலோவுக்குள்ள இருந்தா சொந்த உபயோகத்துக்கு விடுறாங்க. இந்தியாவிலிருந்து கறி, கோழி, முட்டை எந்த உருவத்துலயும் கூடாது. மட்டன் ஊறுகாய், சிக்கன் ஊறுகாயும் அதுல சேர்த்திதான். மீன் ஊறுகாய் பரவாயில்ல.

கட்டுற முறையைச் சொல்றேன். வாங்கின அன்னைக்கே கட்டாதீங்க, கருவாட்டுல ஈரம் மிச்சம் இருக்கும். நல்ல வெயில்ல ஒரு பகல் திருப்பித் திருப்பிக் காய வைங்க. வாளைக்கும் நெத்திலிக்கும் ஒரு நாள் போதும், வஞ்சிரத் துண்டுன்னா ரெண்டு நாள். நவம்பர்ல வெயிலை நம்ப முடியாது, அக்டோபர்லயே வாங்கிக் காய வெச்சுடுங்க. தலை, செதில், வால் எல்லாம் நறுக்கிட்டா எடையும் குறையும், முள்ளு குத்திக் கவரும் கிழியாது. அரை அரைக் கிலோவாப் பேப்பர்ல சுத்தி, மேல வாக்குவம் பேக். அதுக்கு மேல மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, டப்பாவைச் சுத்தி டேப். இந்த மூணு அடுக்குல ஒண்ணு குறைஞ்சாலும் பெட்டியில இருக்கிற பட்டுப்புடவை வரைக்கும் வாசம் ஏறிடும். செக்-இன் பெட்டியில மட்டும் போடுங்க. காசு கொடுத்து வாங்கினதுன்னா பில்லையும் டப்பாவோட வைங்க.

மிளகாய்த்தூள்தான் ஆபத்து. மெஷின்ல அரைக்கக் கொடுக்குறப்ப சிலர் கசகசா சேர்ப்பாங்க, குருமாப் பொடியில கண்டிப்பா இருக்கும். சிங்கப்பூர்ல கசகசா தடை செஞ்ச பொருள், போதைப்பொருள் சட்டத்துல வருது. ‘சமையலுக்குத்தான்’னு சொன்னாலும் எடுபடாது. அம்மாகிட்ட எதெது போட்டு அரைச்சதுன்னு ஒவ்வொண்ணாக் கேளுங்க. சந்தேகமா இருந்தா அந்த டப்பாவே வேண்டாம். வாயில போடுற புகையிலை, வேப், சூயிங்கம் எதுவும் கூடாது. சிகரெட்டுக்கும் பீடிக்கும் வரியில்லாத அளவுன்னு ஒண்ணுமே கிடையாது, ஒத்தை சிகரெட்னாலும் கஸ்டம்ஸ் சிவப்பு வழியில போய்ச் சொல்லி வரி கட்டணும்.

கொப்பரைத் தேங்காயைச் செக்-இன்ல போட விடமாட்டாங்க, எண்ணெய் இருக்கிறதால தீப்பிடிக்கிற பொருள்னு கணக்கு. பவர் பேங்க் கைப்பையில மட்டும்.

அப்பாவோட மருந்து: இன்சுலினைச் செக்-இன்ல போட்டா சரக்குப் பகுதிக் குளிர்ல உறைஞ்சு வீணாயிடலாம், வெளியில பார்த்தா தெரியாது. கைப்பையில, ஐஸ்ல நேரா ஒட்டாம துணி சுத்தி வைங்க. டாக்டர் கடிதத்துல மருந்தோட ஜெனரிக் பேர், எவ்வளவு, எத்தனை வேளைன்னு இருக்கணும். ஸ்டிரிப்பை வெட்டாம, டப்பாவுல கொட்டாம அப்படியே கொண்டுவரணும். 3 மாச அளவு வரைக்கும் பொதுவாப் பிரச்சனை இல்ல. ஆனா தூக்க மாத்திரை (அல்பிரசோலாம், டயஸிபாம்), டிராமடால், கோடீன் கலந்த இருமல் டானிக் இதுக்கெல்லாம் எச்எஸ்ஏகிட்ட (சிங்கப்பூர் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) முன் அனுமதி வேணும். முட்டி வலிக்கு அம்மாவுக்கு டிராமடால் எழுதியிருக்காங்களான்னு சீட்டைப் பாருங்க. இருந்தா மாத்து மருந்து கேளுங்க, இல்லாட்டி ரெண்டு மூணு வாரம் முன்னாடியே விண்ணப்பிச்சுடுங்க. சிங்கப்பூர் நேரம் நம்மளை விட 2:30 மணி நேரம் முன்னாடி. ஊசியை அங்க எத்தனை மணிக்குப் போடுறதுன்னு டாக்டரையே எழுதித் தரச் சொல்லுங்க.

டிராவல் இன்சூரன்ஸ் இங்கிருந்து கிளம்புறதுக்கு முன்னாடியே எடுக்கணும். சுகர், பிபி இருக்கிறதை மறைக்காம எழுதுங்க, பிரீமியம் ஏறினாலும் பரவாயில்ல. மறைச்சது தெரிஞ்சா கிளெய்ம் மொத்தமும் போயிடும். வெளிநாட்டவருக்கு அங்க ஆஸ்பத்திரியில சலுகைக் கட்டணம் கிடையாது. பழைய நோய் திடீர்னு முத்தினா எவ்வளவு வரைக்கும் கொடுப்பாங்கங்கிற வரியைத் தேடிப் படிச்சுட்டு பாலிசி எடுங்க.

---

வியாசை_மேட்டுத்தெரு

வீட்டைப் பத்தி நான் சொல்றேன். அப்பாவுக்கு நவம்பர் வாழ்நாள் சான்று இருக்கே, அதைக் கிளம்புறதுக்கு முன்னாடி முடிச்சுடச் சொல்லுங்க. ஜீவன் பிரமாண்ல (பென்ஷன்காரங்களுக்கான அரசு டிஜிட்டல் சான்று) போன் கேமராவிலயே முகத்தைக் காட்டிப் போட்டுடலாம். பென்ஷன் பேங்க் ஓடிபி எந்த நம்பருக்கு வருதோ அந்த சிம்முக்கு ரோமிங்கை இங்கயே ஆன் பண்ணணும், டேட்டாவை மட்டும் ஆஃப் பண்ணி வைங்க.

நவம்பர், டிசம்பர் நம்ம பக்கம் தண்ணி நிக்கிற மாசம். தரைத்தளமா இருந்தா ஃபிரிட்ஜைக் காலி பண்ணி, துடைச்சு, கதவைத் திறந்து வெச்சு, பிளக்கைப் பிடுங்கிடணும். கீழ் அலமாரியில இருக்கிற பத்திரம், துணி, அரிசி எல்லாம் இடுப்பு உயரத்துக்கு மேல ஏத்துங்க. மெயின் ஸ்விட்சை இறக்கிடுங்க, கேஸ் ரெகுலேட்டரைக் கழட்டிடுங்க. பாத்ரூம் சாக்கடை வாயில மண் மூட்டை ஒண்ணு வெச்சா தண்ணி எதிர்த்து வர்றது குறையும். சாவியைப் பக்கத்து வீட்டுல கொடுத்து வாரம் ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்க. ஸ்டேஷன்ல வீடு பூட்டியிருக்கிற தேதியை எழுதிக் கொடுத்துட்டா ரோந்து போறப்ப பார்ப்பாங்க.

நகையைப் பத்தி ஒண்ணு. அம்மா கனமான நகை போட்டுட்டு வந்தாங்கன்னா சென்னை ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கணும், திரும்பி வர்றப்ப அங்க வாங்கினதான்னு கேள்வி வராது. அங்க புதுசா நகை வாங்கிட்டு வந்தா வரி உண்டு. நகைக்கான தனிச் சலுகை ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்துட்டுத் திரும்புறவங்களுக்குத்தான்.

---

புதுவண்ணை_மகள்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 14 நாளாக் குறைச்சுக்கிறோம், ஓனர்கிட்ட இன்னைக்கே மெசேஜ் போட்டுட்டேன். அம்மாவுக்கு வீல்சேர் கேக்கலாமா? மெதுவா நடப்பாங்க, படியும் ஏறுவாங்க. ஏர்போர்ட்டுக்கு மெட்ரோவா, காரா?

---

கல்மண்டபம்79

கண்டிப்பாக் கேளுங்க. டிக்கெட் போடுறப்பவே இல்லாட்டி 48 மணி நேரம் முன்னாடி ஏர்லைன்ல சொல்லணும். படி ஏற முடியும், தூரம்தான் நடக்க முடியாதுன்னா அதுக்கு ‘டபிள்யூசிஎச்ஆர்’னு குறியீடு, டிக்கெட்ல அது ஏறியிருக்கான்னு பாருங்க. தள்ளிட்டுப் போறவரே செக்யூரிட்டி, இமிகிரேஷன் எல்லாம் கூட்டிட்டுப் போவார், அப்பாவையும் கூடவே நடக்கச் சொல்லுங்க. முதல் தடவை போறவங்களுக்கு இதை விட நல்ல துணை கிடையாது. சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல தானியங்கி வாசல்ல விரல் ரேகை எடுபடலேன்னா பயப்பட வேண்டாம், ஆள் இருக்கிற கவுண்டருக்கு அனுப்புவாங்க.

புதுவண்ணாரப்பேட்டையிலயோ தண்டையார்பேட்டையிலயோ ஏறினா மாறாம நேரா ஏர்போர்ட் வரைக்கும் மெட்ரோ இருக்கு, வழி அனுப்ப ஒரு ஆள் கூட வந்தா பெட்டியோடவே போயிடலாம். சாயங்காலம் கண்டெய்னர் லாரி வரிசையில கார் மாட்டினா நேரம் சொல்லவே முடியாது. திரும்பி வர்ற ஃபிளைட் ராத்திரி 11க்கு மேல இறங்கினா மெட்ரோ கிடையாது, அன்னைக்குக் கார் சொல்லி வைங்க. வெளிநாட்டு ஃபிளைட்டுக்கு டி2 டெர்மினல்.