டிக் டேல் மேடையில்: இசையா, இரைச்சலா?

மணல்மேடு:
அமெரிக்கக் கிட்டார் கலைஞர் டிக் டேல் என்றதும் 'பல்ப் ஃபிக்ஷன்' படத்தின் தொடக்கத்தில் சீறிக்கொண்டு வரும் கிட்டார்தான் பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் வரும். 1962இல் பதிவான 'மிசர்லூ'. இரண்டே கால் நிமிடம்கூட இருக்காது, அதில் ஒரு நொடியும் வீண் இல்லை. இப்படி வாசித்த மனிதர் வயதான பிறகு மேடையில் என்ன செய்தார் என்று பார்க்க, இணையத்தில் கிடைக்கிற பதிவுகளை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். ஒன்றை ஆரம்பிக்கிறார், நடுவில் 'ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்'னுக்குத் தாவுகிறார், அங்கிருந்து 'ரிங் ஆஃப் ஃபயர்', அப்புறம் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' கொஞ்சம். எல்லாம் அடுத்தவர் பாட்டு, எதுவும் முழுசாக முடிவதில்லை. இடையிடையே நீளமாகக் கதை வேறு. அவரை மேடையில் கேட்காதவன் ரசிகனே இல்லை என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1961 முதல் 63 வரையிலான ரிக்கார்டுகள் போதும் என்கிறேன். மறுக்கிறவர்கள் காரணத்தோடு மறுங்கள்.

கீழ்த்தந்தி:
அதை எழுதியவன் நான்தான். காரணம் சொல்கிறேன். ரிக்கார்டு போதும் என்கிறீர்கள், ஆனால் அந்த ரிக்கார்டுகளில் டிக் டேல் பாதிதான் இருக்கிறார். அவர் பெயர் எடுத்தது ஸ்டுடியோவில் இல்லை. கலிபோர்னியாவில் நியூபோர்ட் பீச் பக்கம் பால்போவாவில் ரெண்டெவூ பால்ரூம் என்று பெரிய நடனக்கூடம் இருந்தது. 1961இலிருந்து அங்கே வார இறுதிகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து ஆடினார்கள். அந்தக் கூட்டத்தைத் தாண்டிச் சத்தம் போய்ச் சேர வேண்டும் என்றால் அப்போதைய ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) தாங்காது. இவர் வாசித்து வாசித்து எரிந்துபோன ஆம்ப்களுக்குக் கணக்கே இல்லை. ஏன் இப்படி ஆகிறது என்று அந்த ஆம்ப்களைச் செய்த லியோ ஃபெண்டரும் அவரிடம் வேலை பார்த்த ஃப்ரெடி டவாரஸும் கூடத்துக்கே வந்து நின்று கேட்டார்கள். அதற்குப் பிறகு பிறந்ததுதான் ஷோமேன் என்ற ஆம்ப், அடுத்து 15 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கர் இரண்டு வைத்த டூயல் ஷோமேன். அந்தச் சத்தத்தை 62இல் எந்த ஸ்டுடியோ மைக் முழுசாகப் பிடித்தது? சத்தம் வேண்டாம் என்றால் டிக் டேலே வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

மணல்மேடு:
சத்தத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, நீங்களாக எடுத்துக் கொடுத்தீர்கள். சரி, பேசுவோம். ரெண்டெவூ அவ்வளவு பெரிய கூடம், உள்ளே நிறைய உடம்புகள். அத்தனை உடம்பும் சத்தத்தைக் குடிக்கும். அதற்காகச் செய்த ஆம்பைச் சில நூறு பேர் நிற்கிற கிளப்பில், தாழ்ந்த கூரைக்குக் கீழே அதே அளவு திறந்துவிட்டால் என்ன ஆகும்? டிரம்ஸின் சிம்பலும் கிட்டாரின் மேல்தந்தியும் ஒன்றோடொன்று மோதிக் குழம்பாகிவிடும். 'மிசர்லூ'வின் அழகே ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெறிப்பதில்தானே இருக்கிறது?

இன்னொன்று. அவருடைய பழைய டெல்டோன்ஸ் குழுவில் சாக்ஸபோன் இருந்தது, பியானோ இருந்தது. கிட்டார் பேசி முடித்ததும் சாக்ஸ் பதில் சொல்லும். பிற்காலத்தில் கிட்டார், பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். இளைப்பாற இடமே இல்லை.

டிரம்மர்தம்பி:
மணல்மேடு அண்ணே, மூன்று பேர் என்பதைக் குறையாகச் சொல்லாதீர்கள். அந்த மூன்று பேரில்தான் டிக் டேல் யார் என்பதே வெளியே தெரிகிறது. அவர் அடிப்படையில் டிரம்மர். சின்ன வயதில் ஜாஸ் டிரம்மர் ஜீன் க்ருபாவின் டிரம்ஸைக் கேட்டு வளர்ந்தவர். அப்பா வழி லெபனான் குடும்பம், 'ஊத்' என்கிற அரபுத் தந்தி வாத்தியம் வாசிக்கிற மாமா, தர்புகா என்கிற அரபுக் கைமேளத்தின் தாளம் எல்லாம் வீட்டிலேயே கிடைத்தது. வலது கை... மன்னிக்கவும், அவருக்கு இடது கை, அது தந்தியில் மேலும் கீழும் போகிற வேகம் டிரம் ரோல்தான். மேடையில் குச்சியை எடுத்துப் பேஸ் கிட்டாரின் தந்திமேல் அடிப்பார் பாருங்கள், பேஸ் வாசிப்பவர் இடது கையால் சுரம் பிடிக்க, இவர் தாளம் போட்டே பாட்டை எழுப்புவார். அப்படியே பின்னால் போய் டிரம்ஸிலும் சேர்ந்துகொள்வார். டிரம்பெட் எடுப்பார், ஹார்மோனிகா எடுப்பார். இதெல்லாம் ரிக்கார்டில் எங்கே இருக்கிறது? பிற்காலத்தில் மகன் ஜிம்மி டேல் டிரம்ஸில் உட்கார்ந்த பதிவுகளைத் தேடிப் பாருங்கள்.

ஓரப்பார்வை:
குச்சி வித்தை முதல் தடவை பார்க்க நன்றாக இருக்கும். எல்லா நிகழ்ச்சியிலும் அதே வித்தை வந்தால்?

எனக்குக் கஷ்டமாக இருப்பது அவருடைய பேச்சு. கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்னிடம் வந்தான், லியோ ஃபெண்டர் எனக்கு அப்பா மாதிரி, அது நான் செய்தது, இது நான் கண்டுபிடித்தது என்று போய்க்கொண்டே இருக்கும். எதை நம்புவது, எதை விடுவது? சர்ஃப் இசை, அதாவது கலிபோர்னியாவின் அலைச்சறுக்குப் பிள்ளைகளிடையே பரவிய இந்தக் கிட்டார் இசை, ஒற்றை ஆளால் வந்ததில்லை. இவருடைய 'லெட்ஸ் கோ டிரிப்பின்' வந்த அதே 1961இல் பெல்ஏர்ஸ் குழுவின் 'மிஸ்டர் மோட்டோ' வந்தது. அவர்கள் பள்ளிக்கூடப் பையன்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அவர்களிடம் மைக்கைப் பிடித்துப் பட்டம் சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை.

கீழ்த்தந்தி:
தற்பெருமை உண்டு, அதை யார் மறுத்தார்கள்? 63இல் வந்த ஆல்பத்தின் பெயரே 'கிங் ஆஃப் த சர்ஃப் கிட்டார்'. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் நேர்மையாக இருந்தார். சர்ஃப் சத்தம் என்றாலே ரிவெர்ப் (எதிரொலி சேர்க்கும் கருவி) என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தபோது, இல்லை, ரிவெர்ப் நான் பாடுகிற குரலுக்காகக் கேட்டு வாங்கியது, சர்ஃப் என்பது தந்தியில் விழுகிற அடி என்றார். 'லெட்ஸ் கோ டிரிப்பின்' பதிவில் ரிவெர்ப் கிடையாது, கேட்டாலே தெரியும். புகழைக் கூட்டிக்கொள்ள மட்டுமே பேசுகிறவர் இதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

பழைய ஊசி:
எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். அந்த மனிதர் கடைசி வருடங்களில் எந்த நிலையில் மேடை ஏறினார்? 1960களிலேயே குடலின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் வந்து மீண்டவர். பல வருடம் கழித்து அது திரும்ப வந்தது. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, முதுகெலும்பில் வலி. 2015இல் ஒரு பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார்: காப்பீடு போக மருத்துவப் பொருட்களுக்கு மட்டும் மாதம் 3,000 டாலர் வேண்டும், மேடை ஏறுவதை நிறுத்தினால் பிழைக்க முடியாது என்று. வயிற்றில் மலம் சேர்கிற பை கட்டிக்கொண்டு வாசித்தார். 2019 மார்ச்சில் 81 வயதில் இறந்தபோதுகூட அந்த வருடத்துக்கான நிகழ்ச்சிகள் வரிசையாகக் காத்திருந்தன. இதைத் தெரிந்துகொண்டும் பாட்டை முழுசாக முடிக்கவில்லை என்று குறை சொல்ல மனசு வருகிறதா?

ஓரப்பார்வை:
வருகிறது. அவருடைய வலிக்கு வருத்தப்படுவது வேறு, கச்சேரியை எடைபோடுவது வேறு. கோபப்பட வேண்டுமானால், எண்பது வயதில் மருந்துச் செலவுக்கு ஊர் ஊராக வேனில் போய் வாசிக்கவைக்கிற ஏற்பாட்டின்மேல் கோபப்படுங்கள். கேட்பவன் வாயை அடைக்க அதைக் கொண்டுவராதீர்கள்.

கீழ்த்தந்தி:
இதில் நான் ஓரப்பார்வை பக்கம். பழைய ஊசி ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. இரக்கத்தோடு கேட்கச் சொல்வது அந்தக் கைக்குச் செய்கிற அவமரியாதை.

கிட்டார் தொட்டவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். இன்று கடையில் கேட்டால் கொடுக்கிற எலக்ட்ரிக் கிட்டார் தந்தியில் மெல்லியது .010 அங்குலம், தடித்தது .046. விரல் வலிக்கும் என்று .009க்கு இறங்குகிறவர்கள் அதிகம். டிக் டேல் போட்டது .016இலிருந்து .060 வரை. அவருடைய மூன்றாவது தந்திகூட .020, சுற்று இல்லாத வெறும் கம்பி. அதை வளைக்க முயன்று பாருங்கள், விரல்தான் வளையும். அதிலும் இடது கைக்காரர், வலது கைக் கிட்டாரைத் தந்தி மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்தவர். தடித்த தந்தி தரைப்பக்கம் போய்விடும், பல தந்திகளைச் சேர்த்துப் பிடிக்கிற கார்டு எல்லாம் தலைகீழ். வாசிக்க வாசிக்க பிக் (தந்தியை மீட்டுகிற வில்லை) தேய்ந்து கரையும், அதனால் ஒரு நிகழ்ச்சிக்குப் பல பிக் வேண்டும். எழுபது தாண்டியும் அதே தந்தி, அதே வேகம். 2010க்குப் பிந்திய பதிவுகளில் 'மிசர்லூ' தொடங்குகிற இடத்தை மட்டும் கேளுங்கள். ஒற்றைத் தந்தியில் முழுப் பாட்டையும் வாசிக்க முடியுமா என்று ஒரு ரசிகன் சவால் விட்டதில் பிறந்தது அந்த வாசிப்பு. அரை நூற்றாண்டு கழித்தும் அடி தளரவில்லை. இதற்கு எவன் இரக்கமும் வேண்டாம்.

மணல்மேடு:
கையைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்தக் கையை வைத்துக்கொண்டு ஏன் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' என்பதுதான் கேள்வி. 1993இல் 'ட்ரைபல் தண்டர்' வந்தது. படம் வந்து உலகம் அவரைத் திரும்பிப் பார்ப்பதற்கு ஒரு வருடம் முன்னாலேயே. அதில் 'நைட்ரோ' கேட்டிருப்பீர்கள். ஐம்பதைத் தாண்டியவர் புதிதாகச் செய்தது அது. அப்படிச் சொந்தச் சரக்கு கையில் இருக்கும்போது ஊரெல்லாம் வாசிக்கிற பாட்டு எதற்கு?

டிரம்மர்தம்பி:
அண்ணே, அவர் செட் லிஸ்ட் (பாட்டு வரிசை) எழுதி வைத்துக்கொண்டு மேடை ஏறுகிறவர் இல்லை. கூட இருக்கிற இரண்டு பேரும் அவர் கையையும் தோளையும் பார்த்தே பின்னால் போக வேண்டும். கூட்டம் எங்கே தெரிந்த மெட்டுக்கு எழுகிறதோ அங்கே போவார், சலித்தால் அடுத்ததற்குத் தாவுவார். நடன மேடையில் பழகியவர் அப்படித்தான் வாசிப்பார். ஆடுகிற பிள்ளைகள் உட்காரக் கூடாது, அவ்வளவுதான் அவர் கணக்கு.

ஓரப்பார்வை:
கிளப்பில் யாரும் ஆடவில்லை தம்பி. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கையைக் கட்டி நிற்கிறார்கள், பதிவுகளில் நீங்களே பாருங்கள்.

பழைய ஊசி:
கலிபோர்னியாவில் வேலையில் இருந்த காலத்தில் நான் நேரில் கேட்டவன். வாசித்து முடித்த பிறகு டி-ஷர்ட் விற்கிற மேஜைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். வரிசையில் வந்த ஒவ்வொருவரிடமும் பேசினார், அதில் புற்றுநோய் வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் பேச்சு அதிக நேரம் நீண்டது. ஓரப்பார்வை தொல்லை என்கிற அதே பேச்சுதான்.

ஓரப்பார்வை:
மேஜையில் பேசட்டும், நான் வேண்டாம் என்றேனா? மேடையில் வாசிக்கட்டும் என்றுதானே கேட்கிறேன்.

கீழ்த்தந்தி:
மணல்மேடு, நீங்கள் தொடங்கிய வரிசையே சரியில்லை. கடைசி வருடப் பதிவுகள், அதுவும் கூட்டத்துக்கு நடுவே யாரோ செல்பேசியில் பிடித்தவை. அந்தச் சின்ன மைக் இவ்வளவு சத்தத்தில் கிழிந்துதான் போகும். நீங்கள் குழம்பு என்று சொன்னதில் பெரும்பங்கு அதுதான். 93, 94, 95இல் தொலைக்காட்சியிலும் விழாக்களிலும் ஒழுங்காகப் பதிவான மேடைகளைத் தேடுங்கள். அதே மூன்று பேர் அமைப்புதான். ஒவ்வொரு அடியும் தனியாக விழும். கேட்டுவிட்டு வந்து சாக்ஸ் வேண்டும் என்று சொல்லுங்கள், பிறகு சண்டை போடலாம்.

மணல்மேடு:
கேட்கிறேன். சாக்ஸ் அப்போதும் வேண்டும்.